மேட்டுல கொட்டுது

எங்கள் வீட்டில் எதுவும் கொட்டாது. பால் சிந்தும், எண்ணெய் ஒழுகும், மழை ஊற்றும், குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவோம். கொட்டு என்ற சொல்லை மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். புதிதாக வந்த மருமகள் ஒருநாள், "சாம்பாரு கொட்டிப்போச்சி அத்தே" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து மிரண்டுபோனாள். நான் சாம்பாருக்காக முறைக்கவில்லை என்பதை அவளுக்கு எப்படி விளங்கவைப்பது? ஒரு காரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதை ஓட்டிய ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அடுப்பில் வேலை இருந்தது. இப்போது சொல்கிறேன்.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். நாங்கள் புத்தூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரிடம் வாடகைக்கு ஓடுகிற பழைய பெட்ரோல் கார் ஒன்று இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி, நாலு கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. புத்தூர் எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊர். திருப்பதிக்கும் ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கும் போய், கை முறிந்தவர்களையும் கால் முறிந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வருவது பாதி சவாரி. மொட்டை போட்டுக்கொள்ளத் திருமலைக்குப் போகிற குடும்பங்கள் மீதிப் பாதி. அந்தக் காரின் பின் சீட்டில் ஒருநாள் ஐயோ அம்மா என்று கேட்கும், மறுநாள் கோவிந்தா என்று கேட்கும். இரண்டுக்கும் பள்ளத்தில் விழும்போதுதான் சத்தம் அதிகம்.

வீட்டுக்காரருக்கு அந்த வண்டி என்றால் உயிர். காலையில் எழுந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். ஒருநாள் யாரோ யாத்திரைக்காரர்களின் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டும்போது வழுக்கி விழுந்தார். முழங்கை எலும்பு விட்டுப்போயிற்று. ஊரிலேயே கட்டுக் கட்டினார்கள். எலும்பு கூடிவிடும், ஆனால் கொஞ்ச காலத்துக்கு ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எத்தனையோ பேரைக் கட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய மனுஷர், கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அப்படித்தான் அந்த டிரைவர் வந்தான். மதனப்பள்ளிப் பக்கத்து ஆள். நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். பெண்சாதியும் கைக்குழந்தையும் ஊரில் இருந்தார்கள். பச்சைத் தெலுங்குக்காரன். லாரி ஓட்டி வேலூர்ப் பக்கம் போய்வந்ததில் கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தான். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் முகம் கழுவிக்கொள்வான். மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவரை அண்ணா என்பான், என்னை அக்கா என்பான். அண்ணாவும் அக்காவும் இரண்டு பாஷைக்கும் ஒன்றுதான், அதனால் அதில் யாருக்கும் வில்லங்கம் இல்லை.

மற்ற எல்லாவற்றிலும் வில்லங்கம் இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்கள் ஆந்திராவிலேயே இருக்க வேண்டுமா, மதராஸோடு சேர வேண்டுமா என்று சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ராத்திரியோடு ராத்திரியாகத் தமிழ்ப் பலகையில் யாரோ தார் பூசுவார்கள், அடுத்த வாரம் தெலுங்குப் பலகையில் யாரோ பூசுவார்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் உப்பு கேட்கப் போனால்கூட எந்த பாஷையில் கேட்பது என்று ஒரு நொடி நிதானிக்க வேண்டியிருந்தது. நான் வெதுருகுப்பத்துக்குப் பக்கத்தில் பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசல்படி தாண்டினால் தெலுங்கு. எனக்கு வருகிற கனவு எந்த பாஷையில் வருகிறது என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இந்தச் சண்டை நம் வீட்டு வேலைக்காரனைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரர் நினைத்தார். அவனுக்கு இங்கே அந்நியமாக இருக்கக் கூடாதென்று அவனிடம் தெலுங்கிலேயே பேசினார். அவனோ, தமிழ்க்காரர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு தெலுங்கில் பேசினால் தப்பாக நினைப்பார்களோ என்று அவரிடம் தமிழிலேயே பேசினான். இவர் கேட்பது தெலுங்கில், அவன் பதில் சொல்வது தமிழில். இரண்டு பேரின் பாஷையும் அரைகுறை. வீட்டுக்குள்ளிருந்து கேட்கிற எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அவ்வளவு மரியாதை வேண்டியதில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் திருமலை சவாரி முடித்து வந்தவன், வண்டியை நிறுத்திவிட்டு இஞ்சின் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான்.

"அண்ணா, மேட்டுல கொட்டுது."

வீட்டுக்காரர் ஒரு கையை ஊன்றி, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது. விரலால் அடித்தட்டைத் தடவிப் பார்த்தார். பிசுபிசுப்புகூட இல்லை.

"இக்கட ஏமீ லேதே" என்றார். இங்கே ஒன்றும் இல்லையே என்று.

"இப்ப இல்ல அண்ணா. சமமா போகும்போது இல்ல. மேடு ஏறும்போதுதான் கொட்டுது."

அவர் யோசித்தார். வண்டி தூக்கிக்கொண்டு ஏறும்போது எங்கேயோ ஆயில் சிந்துகிறது, சமதரைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது என்று முடிவு கட்டிக்கொண்டார். நியாயமான யோசனைதான். "அயிதே கொஞ்செம் ஆயில் பொய்யி" என்றார். ஊற்று என்பதற்குத் தெலுங்கில் பொய்யி. அவன் தலையை ஆட்டிவிட்டு ஆயில் ஊற்றினான்.

அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. மலைக்குப் போய்வந்தால் அவன், "கொட்டுது அண்ணா" என்பான். இவர் "பொய்யி" என்பார். ஒருமுறை அவன் கூச்சத்தோடு, "தெறந்து பாக்கலாமா அண்ணா?" என்று கேட்டான். ஒரு சொட்டுக்கூடக் கீழே காணோம், இதற்காக இஞ்சினைப் பிரிப்பதா என்று இவர் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணனுக்கு நம்மைவிட வண்டி தெரியும், கொட்டுகிற இஞ்சினுக்கு ஆயில்தான் வைத்தியம் போலிருக்கிறது என்று அவன் விட்டுவிட்டான். போகப்போக வண்டி பின்னால் நீலமாகப் புகை விட ஆரம்பித்தது. வாசலில் வந்து நின்று சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் நிற்காமல் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டு ஓடும். வீட்டுக்காரர் அதைப் பெருமையாக என்னிடம் காட்டுவார்.

"பாத்தியாமே, சாவி எடுத்தும் ஓடிக்கினு கீது. மிஷினுன்னா இது மிஷினு!"

நான் என்ன கண்டேன்? நானும் பெருமையாகத்தான் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எல்லை விஷயமாக ஒரு பெரிய அதிகாரி சித்தூருக்கு வந்து, ஊர் ஊராக ஜனங்களைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. நகரியில் தறி வைத்திருந்த ஒரு பெரியவர்தான் எங்கள் பக்கத்துக்குத் தலைமை. நல்ல மனுஷர், குரல் மட்டும் தறிச் சத்தத்தை ஜெயித்துப் பழகிய குரல். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டார்கள் என்கிற வேதனை அவருக்கு இருந்தது. அது பொய்யான வேதனை இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, சித்தூருக்குப் போக வண்டி வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஊட்ல இன்னா பேசறீங்கன்னு ஆபீசர் பொம்பளைங்களத்தான் கேப்பாராம். ஒரு பொம்பள வந்து சொன்னாத்தான் எடுபடும். நீ வாம்மா."

"நான் வந்து இன்னா சொல்றது?"

"ஊட்ல தமிழுதான்னு சொல்லு. தெலுங்கு தெரியுமான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

"காய்காரிகிட்ட நான் எதுல பேசறேன்?"

"அது பேரம், அம்மா. பேச்சுல சேராது."

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். நான் சரி என்றேன். வீட்டில் பேசுவது தமிழ்தான், அதில் பொய் ஒன்றுமில்லை. மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் டிரைவரும் தறிக்காரரும். பின்னால் நானும் வீட்டுக்காரரும். தறிக்காரரின் மடியில் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கிய மனுக் கட்டு. மற்ற ஊர்க்காரர்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்திருப்பதாக ஏற்பாடு. கார்வேட்டிநகரம் தாண்டுகிற வரைக்கும் தறிக்காரர் வாய் ஓயவில்லை. திருவேங்கடமலையிலிருந்து ஆரம்பித்து யாருக்கு எந்த மலை, யாருக்கு எந்த ஆறு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

மேடு வந்தபோதுதான் நான் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அந்த மாதிரி. இறக்கத்தில் நின்றுவிட்டது. அடுத்த மேட்டில் மறுபடி வந்தது, இன்னும் கடுமையாக. டிரைவர் கழுத்தைத் திருப்பி வீட்டுக்காரரைப் பார்த்தான். அவன் நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணா, ரொம்பக் கொட்டுது. நிறுத்தலாமா?"

வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் சாலையைப் பார்த்தார். ஆயில் கோடு ஏதும் இல்லை. "பர்வாலேது, போனிய்யி" என்றார். பரவாயில்லை, போகட்டும் என்று. தறிக்காரர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். மதராஸோடு சேர மனு கொடுக்கப் போகிற வண்டியில் தெலுங்கா என்ற பார்வை அது. வீட்டுக்காரர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. டிரைவரும் திறக்கவில்லை.

சித்தூருக்கு முன்னால் ஒரு நீண்ட மேடு. அதில் பாதி ஏறும்போது அந்தச் சத்தம் சம்மட்டி அடியாக மாறியது. எனக்குக் காலடியில் தகடு அதிர்ந்தது. அப்புறம் ஒரே குலுக்கல். முன்பக்கமெல்லாம் புகை கிளம்பி, கண்ணெரிச்சலாக ஆயில் நாற்றம் வந்தது. வண்டி தயங்கித் தயங்கி நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தான். நாங்கள் இருமிக்கொண்டே இறங்கினோம். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது, மரம்கூட இல்லாத இடம்.

கடலைக்காய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் மனசு வைத்தார். மாடுகளை அவிழ்த்துக் காரின் முன்னால் பூட்டினோம். மதராஸ் வேண்டுமென்று கேட்கப் போன நாங்கள் இரண்டு மாடுகளுக்குப் பின்னால் சித்தூருக்குள் ஊர்வலமாகப் போனோம். வழியில் நின்றவர்கள் சிரித்தார்கள். தறிக்காரர் மனுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். அந்த நடையைப் பார்த்தபோதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தக் கோபம் யார் தலையிலாவது விடியப்போகிறது என்று தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். அந்த மெக்கானிக் வெற்றிலைப் பாக்கோடு பேசுகிறவர், இரண்டு பாஷையையும் ஒரே வாயில் போட்டு மென்றார். அடியில் திருகைக் கழற்றியதும் ஆயில் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"இது இஞ்சினா, செக்கா? எவன்யா இவ்ளோ ஆயிலு ஊத்தனவன்?"

அவர் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே அப்பளமாகக் கரி. ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை. குத்தி உடைந்த ஓட்டை இல்லை. சுற்றிலும் உலோகம் உருகி, பாகு மாதிரி வழிந்து இறுகியிருந்தது. என் விரல் உள்ளே போகும்.

பெட்ரோல் எரிவதில் நல்ல எரிதல், கெட்ட எரிதல் உண்டென்று மெக்கானிக் சொல்லி அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிஸ்டன் மேலே ஏறி வந்ததும் பிளக்கில் பொறி விழ வேண்டும். அந்த இடத்தில் பற்றிய நெருப்பு ஓரத்துக்கு ஓரம் வரிசையாகப் பரவி, பிஸ்டனை நிதானமாகக் கீழே தள்ள வேண்டும். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலோ, ஆயில் உள்ளே புகுந்து சேர்ந்து எரிந்தாலோ, நெருப்பு வந்து சேருவதற்குள் மிச்ச ஆவி மூலையில் தானாகவே வெடித்துவிடும். அந்த அடிதான் கூழாங்கல் சத்தம். ஆயில் எரிய எரியக் கரி படியும். கரி தணலாகிவிட்டால் பொறிக்கே வேலையில்லை, அதுவே முந்திக்கொண்டு பற்றவைத்துவிடும். பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே நெருப்பு அதைக் கீழே தள்ளும். ஏறுவதும் தள்ளுவதுமாக அந்தச் சூட்டில் பிஸ்டனே உருகிவிடும். சாவியை எடுத்தும் ஓடியதே, நாங்கள் பெருமைப்பட்டோமே, அது அந்தத் தணல்தான். முதல் நாளே திறந்து கரியைச் சுரண்டியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். மருந்து என்று நினைத்து ஊற்றிய ஒவ்வொரு படி ஆயிலும் அந்த நெருப்புக்குத் தீனியாகப் போயிருக்கிறது.

தறிக்காரருக்கு இதில் ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது. ஆயிலை ஊற்றியது யார்?

"நான்தான் ஊத்தினேன்" என்றான் டிரைவர். அவன் மறைக்கவே இல்லை.

"ஏன்டா ஊத்தன?"

"அண்ணா சொன்னாரு. நான் கொட்டுதுன்னு சொன்னேன், அண்ணா ஊத்துன்னாரு."

எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். இதற்குள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்திருந்த எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரும் தேடிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள். வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு அந்த நல்ல குணம்தான் அவனைக் கழுத்தில் பிடித்தது.

"ஆமா, கொட்டுதுன்னான். ஒவ்வொரு வாட்டியும் சொன்னான். நானும் குனிஞ்சி பாத்தேன், ஒரு சொட்டுகூட கொட்டல. அவன் பேச்ச நம்பித்தான் ஊத்தச் சொன்னேன்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கொட்டாததைக் கொட்டுதென்று சொல்லி, ஆயிலை ஊற்றி ஊற்றி இஞ்சினைத் தீர்த்துவிட்டான். அதுவும் மனு கொடுக்கிற நாளாகப் பார்த்து. தெலுங்குக்காரன் வேலையைக் காட்டிவிட்டான். கூட்டத்தில் ஒருவன் டிரைவரின் சட்டையைப் பிடித்தான், தோள்பட்டை கிழிந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போகலாம் என்று ஒரு குரல், அங்கே இருக்கறதும் அவன் ஆளுங்கதானே, இங்கேயே தீத்துடலாம் என்று இன்னொரு குரல். வீட்டுக்காரர் கையை நீட்டினார். டிரைவர் இன்னதென்று புரியாமல் பார்த்தான். அப்புறம் புரிந்துகொண்டு, வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான். அவருடைய கண்ணில் இருந்த சந்தேகத்தை நான் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

அவனுக்குத் தமிழ் அதோடு தீர்ந்துபோயிற்று. கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான், வாய் அசைந்தது, சொல் வரவில்லை. அங்கே பெண் பிள்ளை நான் ஒருத்திதான். என்னைப் பார்த்து மார்பில் கையை வைத்துக்கொண்டு தெலுங்கில் சொன்னான்.

"அக்கா, குண்டெ கொட்டுக்குண்டா உந்தக்கா."

நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்கிறான். பயத்தில் நெஞ்சு படபடக்கிறது என்கிறான். தெலுங்கில் கொட்டு என்றால் அடி, பிறந்ததிலிருந்து நான் கேட்ட வார்த்தை அது. கதவைத் தட்டினாலும் அதுதான், பிள்ளையை அடித்தாலும் அதுதான், நெஞ்சு அடித்துக்கொண்டாலும் அதுதான். மேட்டில் கேட்ட சத்தம் எனக்கு நினைவுக்கு வந்தது.

தமிழிலும் மேளம் கொட்டும், தேள் கொட்டும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வண்டியைக் காட்டிக் கொட்டுதென்றால் எந்தத் தமிழன் மேளத்தை நினைப்பான்? ஆயில் என்றுதான் நினைப்பான். அவன் சொன்னது தமிழ்ச் சொல்லே இல்லை. தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டியிருக்கிறான். சத்தம் வருகிறது, உள்ளே அடிக்கிறது என்று அத்தனை நாளும் கரடியாகக் கத்தியிருக்கிறான். அவன் பாட்டுக்குத் தெலுங்கில் சொல்லியிருந்தால் இவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும். இவர் பாட்டுக்குத் தமிழில் என்ன கொட்டுது, ஆயிலா என்று கேட்டிருந்தால் அவனுக்கும் புரிந்திருக்கும். ஒருத்தருக்கொருத்தர் காட்டிய மரியாதையில் வண்டி எரிந்துபோயிற்று.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி தெலுங்கிலேயே கேட்டேன், கொட்டுதுன்னா ஏமி, சூப்பிஞ்சு என்று. கொட்டுதென்றால் என்ன, காட்டு என்று. அவன் ஒரு நொடி என்னையே பார்த்தான். பிறகு பட்டறையின் தகரக் கதவில் முஷ்டியால் தட்டினான். டக் டக் டக் டக். காலையில் மேட்டில் கேட்டோமே, அதே வேகத்தில், அதே மாதிரி விட்டு விட்டு. தட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்து என்று யாரும் சொல்லாததால் தட்டிக்கொண்டே இருந்தான்.

மெக்கானிக் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அட பாவிங்களா, நாக்கு அடிக்கறதத்தான்யா சொல்லிக்கினு இருந்திருக்கான்" என்றார். தட்டுவதற்கு இங்கிலீஷில் நாக் என்பதால் பட்டறைக்காரர்கள் அந்தச் சத்தத்தை நாக்கு என்பார்கள். வீட்டுக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தபடி அப்படியே ஆயில் சிந்திய தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டையைப் பிடித்தவன் கையை எடுத்துக்கொண்டான்.

தறிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் முதன்முறையாகத் தணிந்திருந்தது.

"அந்தப் பையன் மேல தப்பில்லம்மா. புரிஞ்சிபோச்சி. விடு. ஆனா நீ இனிமே உள்ள வர வேணாம்."

"ஏன்?"

"இத்தன பேரு முன்னாடி இப்படி தெலுங்கு பேசிட்டியே. உள்ள வந்து தெரியாதுன்னு எப்படி சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா இவன இந்நேரம் அடிச்சே கொன்னிருப்பீங்களே ஐயா!"

கத்திவிட்டேன். அவர் வயசுக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், ஆனால் பேசியதில் எனக்கு வருத்தமில்லை. அவர் கண் கலங்கியதா, வெயிலா, தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மனுக் கட்டோடு ஆபீஸ் பக்கம் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அந்தக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேரும் மெக்கானிக்கும் மட்டும் மிஞ்சினோம்.

பிறகு எல்லை ஒருவழியாக முடிவானது. திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராப் பக்கமே நின்றோம். வீட்டில் என்ன பேசுகிறாய் என்று அதற்கப்புறம் என்னை யாரும் கேட்கவில்லை. மதராஸிலிருந்து புது பிஸ்டன் வரவழைத்து வண்டி மறுபடி ஓடியது. கை தேறியதும் வீட்டுக்காரரே ஓட்டினார். மலை ஏறும்போது துளி சத்தம் கேட்டாலும் நிறுத்தி இறங்கி, மூடியில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். பின் சீட்டில் இருக்கிறவர்கள் நேரமாகிறது என்று திட்டுவார்கள். அவர் காதில் வாங்க மாட்டார். அந்தப் பழைய பிஸ்டன் எங்கள் வீட்டு ஜன்னலில் வெகுகாலம் இருந்தது. பிள்ளைகள் அதன் ஓட்டையில் விரலை விட்டு விளையாடும்போது மட்டும் அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அவன் போனதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் கொட்டகையில் வீட்டுக்காரர் எழுந்து வந்து, சாவியை அவனிடம் நீட்டினார். "தப்பு நாதேரா, தம்முடூ" என்றார். தப்பு என்னுடையதுதான் தம்பி என்று. அவன் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாகவும் இல்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டான், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் கழுவிக்கொள்வானே, அதே மாதிரி. கிழிந்த தோள்பட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். நான் ஊசி நூல் கேட்டு வாங்குகிறேன், இரு என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மதனப்பள்ளி பஸ் நின்றுகொண்டிருந்தது.

எந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று சொல்ல மாட்டோம். தமிழ்க்காரர்கள் போயிட்டு வரேன் என்போம். தெலுங்குக்காரர்கள் போயொஸ்தா என்பார்கள். அதில் மட்டும் இரண்டு பாஷைக்கும் வித்தியாசமே கிடையாது. தினமும் எங்கள் வீட்டுப் படி இறங்கும்போது, அவனுக்குத் தெரிந்த தமிழில், "போய் வரேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போவான்.

அன்றைக்கு என் முன்னால் நின்று கைகூப்பி, அவன் பாஷையில் சொன்னான்.

"போத்தானக்கா."

போகிறேன் என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதில் எனக்குப் புரியாதது எதுவும் இல்லை.